மொட்டை மாடிக் கம்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள், அண்ணாச்சி

கடையம் பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதப் பிரிவு, ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. வீட்டில் எந்நேரமும் சால்டரிங் அயர்னும் கையுமாக இருக்கிறாள், பழைய ரேடியோக்களைப் பிரித்துப் போடுகிறாள், மொட்டை மாடியில் ஏரியல் கட்டுகிறாள். சென்னையில் இருக்கும் பெரியப்பா ஒரு சுயநிதிக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். பணத்துக்கு வயலை ஒத்திக்கு விடலாமா என்று யோசனை. "பொம்பளைப் பிள்ளை மாடியில் ஏறிக் கம்பி கட்டினால் ஊர் என்ன சொல்லும்" என்று அத்தை வேறு. நடுவில் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை.

அண்ணாச்சி, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்ப இப்போது நேரமில்லை. வயலை ஒத்திக்கு விடாதீர்கள். அந்த சீட்டை வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சிலிங்கில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2021 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மேல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பட்டம், டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் வரும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்தால் இந்தக் கட்டணச் சலுகை போய்விடும். இலவசமாகப் படிக்க உரிமை உள்ள பிள்ளைக்கு நிலத்தை அடகு வைத்து, அதுவும் அவள் கேட்காத படிப்பை வாங்கித் தருவதை நான் எந்த விதத்திலும் ஏற்க மாட்டேன். பெரியப்பா நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் கடனை அடைக்கப் போவது அவர் இல்லை.

இனி அவள் மாடியில் செய்வது என்னவென்று பார்ப்போம். அவளிடம் போனில் பேசினேன். பிவிசி பைப்பில் ஸ்டீல் அளவு நாடாவை வெட்டிப் பொருத்தி ஒரு யாகி ஆன்டெனா, அதாவது ஒரே திசையில் கூர்மையாகக் கேட்கும் ஏரியல், செய்திருக்கிறாள். துண்டுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர். நாடாவின் பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தால்தான் ஈயம் பிடிக்கும் என்பது அவளாகவே கண்டுபிடித்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் கடக்கும்போது அங்கிருந்து வரும் ரேடியோவைக் கேட்க 145.800 மெகாஹெர்ட்ஸில் காது வைக்கிறாள். நிலையம் ஒரு முறை கடந்து போகப் பத்து நிமிடம் போலத்தான் ஆகும். நெருங்கி வரும்போது அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கூடுதலாகத் தெரியும், விலகும்போது அதே அளவு இறங்கும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் டாப்ளர் விளைவு என்று நாம் மனப்பாடம் செய்ததுதான் அது. உங்கள் மகள் அதை ரிசீவர் குமிழைத் திருப்பித் திருப்பிக் கையால் தெரிந்துகொண்டிருக்கிறாள். ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்) பட்டம் முடித்தும் ஒரு கம்பியைச் சரியாகப் பற்றவைக்கத் தெரியாத பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆன்டெனா என்பது அவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் வரும் ஒரு பேப்பர், அவ்வளவுதான்.

இந்த ஆர்வத்துக்கு உலகம் முழுக்க ஒரு முறையான வழி இருக்கிறது. நம் ஊரில்தான் யாரும் சொல்வதில்லை. அமெச்சூர் ரேடியோ, ஹாம் ரேடியோ என்பார்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு வைத்து உரிமம் கொடுக்கிறது. 12 வயது ஆனால் எழுதலாம். ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. முதலாவதற்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் முறை, தேவையில்லை. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய், இருபது ஆண்டு உரிமத்துக்கு 1,000 ரூபாய். விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். கட்டும் முன் அங்கே நடப்பு விதியையும் கட்டணத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு இருப்பதால் உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் இப்போதே தொடங்கட்டும். வந்ததும் அவளுக்கென்று ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். ரெஸ்ட்ரிக்டட் என்றால் வியூ3 (VU3) என்று தொடங்கும், ஜெனரல் என்றால் வியூ2 (VU2). அந்தக் குறி உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உரிமம் வரும்வரை கேட்பது மட்டும்தான். ஆன்லைனில் மலிவாக வரும் சீன வாக்கி டாக்கியை வாங்கிப் பட்டனை அழுத்திப் பார்க்கும் வேலை வேண்டாம், அது சட்டப்படி குற்றம். மின்சாரம், இடி என்று பிள்ளையின் அம்மா பயந்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. கம்பம் சாய்ந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத தூரத்தில்தான் ஆன்டெனா நிற்க வேண்டும். சித்திரை, வைகாசி இடி மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். இந்த இரண்டையும் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். கம்பியைக் கழற்று என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செலவு? மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஈயம், ஃபிளக்ஸ், கொஞ்சம் கோஆக்சியல் கேபிள் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரத்துக்குள் முடியும். அடுத்து அவள் கட்ட வேண்டியது 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல். பக்கத்துக்குப் பத்து மீட்டர் செப்புக் கம்பி, நடுவில் கேபிள், இரண்டு தென்னை மரம் போதும். 300-ஐ 7.1-ஆல் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும், அதில் பாதி எடுத்து ஐந்து சதவீதம் குறைத்தால் கம்பியின் மொத்த நீளம். பிறகு ஆன்டெனா அனலைசரை (கம்பி எந்த அலைவரிசைக்கு ஒத்துப்போகிறது என்று காட்டும் கருவி) பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிசெய்ய வேண்டும், அந்தப் பொறுமைதான் பாடம். அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோவான டிரான்ஸ்சீவரைக்கூட வீட்டிலேயே செய்யலாம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற சுற்றை உலகம் முழுக்கச் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே செய்ய வேண்டும் என்று, குழாய் வாஷரில் காயில் சுற்றிக் காட்டியவர் அவர்.

ஆன்டெனா என்றால் வேடிக்கை என்று நினைப்பவர்கள் நாங்குநேரி பக்கம் விஜயநாராயணம் வரை போய்ப் பார்க்கலாம். கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் அங்கேதான் இருக்கிறது. 1990-இலிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அங்கிருந்துதான் செய்தி போகிறது. 471 மீட்டர் உயரக் கோபுரங்கள், இந்தியாவிலேயே உயரமானவை. 18.2 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையின் நீளம் மட்டும் பதினாறு கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு நீள அலைதான் கடல் நீருக்குள் இறங்கும். உங்கள் மகள் அளவு நாடாவில் செய்ததும் அந்தக் கோபுரம் செய்வதும் ஒரே அறிவியல்தான். நம் பக்கத்திலேயே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை வளாகம் இருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ராக்கெட் கிளம்பிய பின் அதோடு பேசுவது ரேடியோ மட்டும்தான்.

அத்தைக்கு ஒரு செய்தி. 2004 டிசம்பரில் அந்தமானுக்கு ஹாம் ரேடியோ குழுவோடு போயிருந்தவர் பாரதி பிரசாத் என்ற பெண். சுனாமி அடித்துத் தொடர்பெல்லாம் அறுந்தபோது போர்ட் பிளேரில் இருந்த அவருடைய ரேடியோ வழியாகத் தீவுகளின் செய்தி வெளியே வந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நமக்கும் இதே அனுபவம் உண்டே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தவித்தார்கள், செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. கார் பேட்டரியும் ஒரு முழக் கம்பியும் வைத்துப் பேசத் தெரிந்த பெண் ஊருக்கு ஒருத்தி இருந்தால் என்ன குறை?

சரி, வேலை. ஹாம் உரிமம் வேலைக்கான சான்றிதழ் இல்லை. அதைக் காட்டி யாரும் சம்பளம் தர மாட்டார்கள். அந்த அலைவரிசையில் காசுக்காகப் பேசவும் கூடாது. அது அவள் கையைத் தயார் செய்யும். படிப்பு தனியாக வேண்டும், அது எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷனாக இருக்கட்டும். கவுன்சிலிங்கில் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியிலோ வேறு அரசுக் கல்லூரியிலோ ஈசிஇ கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். கிடைக்கவில்லை, லேபில் தூசி படிந்த ஏதோ ஒரு கல்லூரிதான் வருகிறது என்றால் பாலிடெக்னிக் டிப்ளமோவுக்குப் போகட்டும். பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். முடித்த பின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. மொத்தத்தில் ஒரு வருடம் கூடும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

"டிப்ளமோவா?" என்று பெரியப்பா முகம் சுளிப்பார். தமிழ்நாடு காவல்துறையின் தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ. வேலைக்கு ஈசிஇ டிப்ளமோ போதும் என்று சொல்லுங்கள். இஸ்ரோவின் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் பணிக்கு முதல் வகுப்பு டிப்ளமோவைத்தான் கேட்கிறார்கள். பி.இ. முடித்தால் ஆர்எஃப் (ரேடியோ அலைவரிசை) பொறியாளர் வேலை, ரேடார், செயற்கைக்கோள், சாதனங்களின் மின்காந்த இடையூறைச் சோதிக்கும் கூடங்கள் என்று விரியும். சென்னையில் இருக்கும் சமீர் (SAMEER) அப்படி ஓர் அரசு நிறுவனம். இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் குறைவு. காரணம், மின்காந்தப் புலம் என்ற பாடத்தைப் பார்த்து மிரண்டு பாதிப் பேர் சாஃப்ட்வேர் பக்கம் ஓடிவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வில் உங்கள் மகளிடம் ஆன்டெனா பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர்கள் போதும் என்று சொல்லும்வரை பேசுவாள். என்னிடமே அப்படித்தான் பேசினாள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதை விரும்பும் பிள்ளை படிக்கட்டும். இவள் விரும்பவில்லை, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள், மூன்றாவது முறை சாப்பாட்டில் காட்டுகிறாள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கம்யூனிகேஷன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் எங்கே என்று அவளையே கேட்க விடுங்கள். ஹாம் கிளப் உண்டா என்றும் கேளுங்கள். கல்லூரிகளுக்குக் கிளப் உரிமம் தனியாகக் கிடைக்கும், இல்லையென்றால் இவள் போய் ஆரம்பிக்கட்டும். வட்டாரத்தில் உரிமம் உள்ள ஹாம் யாராவது இருந்தால் நீங்களும் கூடவே போய்ப் பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கல்லூரிக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் ரசீதோடு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பெரியப்பாவிடம் என் நம்பரைக் கொடுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.