விளக்கு எதைச் சொல்கிறது?

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில், நீரேற்று நிலையங்களுக்கான கட்டுப்பாட்டு மென்பொருளின் திரைகளை வடிவமைக்கிறேன். பழைய திரையில் நாற்பது பொத்தான்கள். அவற்றை மெனுக்களுக்குள் அடக்கினேன். மூத்த ஆபரேட்டர்கள் ஏற்க மறுக்கிறார்கள். புதிதாகக் கற்க அவர்களுக்கு மனமில்லை என்று நினைக்கிறேன். எளிமையாக்கியது தவறா? கறுப்புப் பின்னணி நல்லதா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கறுப்பா வெள்ளையா என்பதை அந்த அறையின் வெளிச்சத்தைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் 'மனமில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அது சுருக்கென்று தைத்தது. எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்க அதே திரையோடு இருப்பவரின் விரல், எந்தப் பொத்தான் எங்கே என்று கண்ணைக் கேட்பதில்லை. உங்களுக்கு நெரிசலாகத் தெரிவது அவருக்கு அஞ்சறைப்பெட்டி. அடுப்பில் எண்ணெய் காயும்போது கடுகை அலமாரிக்குள் தேடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர்களோடு ஓர் இரவு ஷிப்டாவது உட்கார்ந்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

வருந்தாதீர்கள், உங்கள் வயதில் நான் இதைவிடப் பெரிய பிழையைச் செய்தவன். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்துக்காகப் பம்ப் திரை ஒன்றை எழுதினேன். பொத்தானை அழுத்தியதும் பம்பின் படம் பச்சையாகும். அங்கிருந்த ஆபரேட்டர், தருமபுரிக்காரர், ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டு எழுந்துபோய், முற்றத்தைக் கடந்து, குழாயில் கை வைத்துப் பார்த்துவிட்டு வருவார். காரணம் கேட்டேன். "பட்டனை அழுத்துனேன்னுதான் சார் உங்க பச்சை சொல்லுது. அது எனக்கே தெரியுமே. தண்ணி வருதான்னு குழாய்தானே சொல்லணும்?" என்றார்.

அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று நடந்த விபத்தைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அபாய ஒலிகள் எழுந்தன. முக்கியமானதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட வழியில்லை. அதைவிடக் கொடுமை ஒரு சின்ன விளக்கு. வால்வை மூடும்படி ஆணை போனதும் அது அணைந்தது. வால்வோ திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்ததைக் கண்டு வால்வு மூடிவிட்டதென்று நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையம் ஓரளவு உருகியது.

ஆணை போனது ஒன்று, மோட்டார் சுற்றுவது இன்னொன்று, தண்ணீர் வருவது மூன்றாவது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்தால் மோட்டார் சுற்றும், பம்ப் சுற்றாது. பம்ப் சுற்றினாலும் உறிஞ்சு குழாயில் காற்று அடைத்திருந்தால் தண்ணீர் வராது. இம்மூன்றையும் ஒரே பச்சைக்குள் அடக்குவதை எளிமை என்று சொல்லாதீர்கள், தம்பி, அது பொய். உங்கள் புதிய திரையில் பச்சை இவற்றில் எதைக் காட்டுகிறது? பொத்தான்களை எண்ணிய நேரத்தில் இதைக் கேட்டிருக்கலாம்.

நான் வெட்கப்பட்டு, குழாயில் நீரோட்டத்தை உணரும் கருவியைப் பொருத்தச் செய்து, மூன்றையும் தனித்தனியாகக் காட்டினேன். அதன் பிறகும் ஒரு மாதம் அவர் முற்றத்தைக் கடந்துகொண்டுதான் இருந்தார். பிறகு ஒருநாள் நான் போனபோது, பொத்தானை அழுத்திவிட்டு, திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே டீயை எடுத்துக் குடித்தார்.

நாற்பது பொத்தான்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

அன்புடன்