மவுண்ட் ஒரு நாள் பேசுகிறது, மறுநாள் பேசுவதில்லை: விண்படம் எடுக்கும் மென்பொருள்களோடு மல்லுக்கட்டும் ஒருவருக்கு

கேள்வி: 400 மி.மீ. குவியத் தூரம் உள்ள சின்னத் தொலைநோக்கி, அதைத் தாங்கி நகர்த்தும் மோட்டார் மவுண்ட், குளிரூட்டும் வசதியுள்ள கேமரா, மவுண்ட் நட்சத்திரத்தை விட்டு விலகாமல் திருத்த (கைடிங்) ஒரு கைடு கேமரா என்று எல்லாம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. கருவிகளை இணைக்கும் ஆஸ்காம், படமெடுப்பை நடத்தும் நினா, கைடிங்குக்கு பிஎச்டி2, படத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கும் ஆஸ்டாப், படங்களை அடுக்கும் சிரில் எல்லாவற்றையும் லேப்டாப்பில் நிறுவிவிட்டேன். இன்றுவரை உருப்படியாக ஒரு படம் இல்லை. மவுண்ட் ஒரு நாள் இணைகிறது, மறுநாள் இணைவதில்லை. கைடிங் பிழை காட்டுகிறது. நான் கணினி ஆள் இல்லை. லேப்டாப்பை விட்டுவிட்டு, போனிலிருந்தே இயக்கும் பெட்டி ஒன்றை வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாமா வேண்டாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். கணினி ஆள் இல்லை என்று நீங்களே உங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெவ்வேறு ஆட்கள், பலர் சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் எழுதிய ஐந்து மென்பொருள்களை ஒன்றோடொன்று பேச வைக்கப் பார்க்கிறீர்கள், அதையும் நடு ராத்திரியில், இருட்டில், மேகம் வருமோ என்ற பதற்றத்தோடு. கணினித் துறையிலேயே வேலை செய்கிறவர்கள்கூட முதல் மாதம் இதில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பிஎச்டி என்ற மூன்று எழுத்து 'இங்கே அழுத்துடா மடையா' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம், அவ்வளவு எளிது என்று சொல்ல கிரெய்க் ஸ்டார்க் வைத்த பெயர் அது. பிழைச் செய்தி வரும்போது அந்தப் பெயர் எவ்வளவு எரிச்சல் தரும் என்பது எனக்கும் தெரியும்.

உங்கள் சிக்கல் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் ஓட்டப் பார்ப்பதுதான். பகலில், வீட்டுக்குள், மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். தொலைநோக்கி மூடியைக் கழற்ற வேண்டாம், ஜன்னல் வழியாகச் சூரியன் பக்கம் அது திரும்பிவிட்டால் கேமராவும் போகும், எட்டிப் பார்த்தால் கண்ணும் போகும்.

ஒரு சங்கிலியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கருவி, கேபிள், விண்டோஸ் டிரைவர், ஆஸ்காம் டிரைவர், கடைசியாக நினா. ஆஸ்காம் என்பது நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர், நினாவுக்கு உங்கள் மவுண்டின் பாஷை தெரியாது, ஆஸ்காமின் பாஷை தெரியும். ஆனால் ஆஸ்காம் தளத்தை நிறுவியதோடு வேலை முடியாது, உங்கள் மவுண்டுக்கான ஆஸ்காம் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும், இதை விட்டுவிட்டுப் பட்டியலில் மவுண்டைக் காணோம் என்று தேடுகிறவர்கள் நிறைய. ஆஸ்காமோடு நிஜக் கருவி போல நடிக்கும் சிமுலேட்டர்களும் வரும். முதலில் நினாவில் டெலஸ்கோப் சிமுலேட்டரைத் தேர்ந்தெடுத்து இணைத்துப் பாருங்கள். அது இணைந்து, உங்கள் மவுண்ட் இணையாவிட்டால் நினா பக்கம் தப்பில்லை, சங்கிலியின் முன் பகுதியில்தான் அறுந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையில் பாதிக் குழப்பம் போய்விடும்.

இப்போது 'ஒரு நாள் இணைகிறது, மறுநாள் இல்லை' விஷயம். நீங்கள் சொல்லாமலே ஒன்றை ஊகிக்கிறேன்: மவுண்ட் கேபிளை தினமும் லேப்டாப்பில் கைக்கு வந்த துளையில் செருகுகிறீர்கள். பல மவுண்டுகளை விண்டோஸ் ஒரு சீரியல் போர்ட்டாகத்தான் பார்க்கும், காம்3, காம்5 என்று அதற்கு ஓர் எண் கொடுக்கும். வேறு துளையில் செருகினால் எண் மாறிவிடலாம். டிரைவரோ நேற்றைய காம்3-இலேயே மவுண்டைத் தேடிக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'போர்ட்ஸ்' என்ற வரியை விரியுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள், எந்த எண் மறைகிறது என்று பாருங்கள், மறுபடி செருகுங்கள். திரும்பி வரும் எண்தான் உங்கள் மவுண்ட், அதையே டிரைவர் அமைப்பில் கொடுங்கள். அப்புறம் அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'மவுண்ட்' என்று எழுதிவிடுங்கள். சிரிக்காதீர்கள், என் லேப்டாப்பில் நாலு ஸ்டிக்கர் இருக்கிறது. எண்ணே வரவில்லை, அல்லது பெயர் மேல் மஞ்சள் முக்கோணம் என்றால், கேபிளோ, சீரியல் சிப்பின் டிரைவரோ சரியில்லாமல் இருக்கலாம், ஆஸ்காமை அழித்து அழித்து நிறுவுவதில் பலன் கிடையாது.

நடு ராத்திரியில் இணைப்பு அறுந்தால் முதலில் விண்டோஸின் மின்சேமிப்பைச் சந்தேகப்படுங்கள். பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அடுத்த சந்தேகம் கேபிள் நீளம், யுஎஸ்பி 2-க்கே 5 மீட்டர்தான் வரம்பு. கேமரா இணைகிறது ஆனால் குளிரவில்லை என்றால் 12 வோல்ட் இணைப்பைப் பாருங்கள், யுஎஸ்பி வழியாக வரும் மின்சாரம் குளிரூட்டிக்குப் போதாது.

கேமரா விஷயத்தில் ஒரே விதி: ஒரு கேமரா, ஒரு மென்பொருள். பெரிய கேமரா நினாவுக்கு, கைடு கேமரா பிஎச்டி2-க்கு. இரண்டும் ஒரே நிறுவனத்துடையது என்றால் பெயர்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அவசரத்தில் நினாவில் கைடு கேமராவை இணைத்துவிட்டு, பிஎச்டி2 ஏன் கேமராவைத் திறக்க முடியவில்லை என்கிறது என்று ஒரு மணி நேரம் யோசிப்பீர்கள். மவுண்டுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை, பெரும்பாலான ஆஸ்காம் மவுண்ட் டிரைவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு மென்பொருளுக்கும் பதில் சொல்லும்.

அடுத்தது மென்பொருளில் நீங்கள் கொடுக்கும் இடமும் நேரமும். தீர்க்கரேகையில் கிழக்கு, மேற்கு மாறிப்போனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எல்லாம் பச்சை விளக்கு காட்டும், மவுண்ட் மட்டும் நம்பிக்கையாகத் தரையைப் பார்க்கும். ஓரியன் நெபுலாவுக்குப் போ என்று சொன்னேன், என் தொலைநோக்கி செருப்பு வைக்கும் இடத்தைக் காட்டியது. அன்று மவுண்ட் பழுது என்றே முடிவு கட்டிவிட்டேன், மறுநாள் பார்த்தால் ஒரு கழித்தல் குறி.

படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து எங்கே பார்க்கிறோம் என்று கண்டுபிடிக்கும் ஆஸ்டாப் தோற்றால் இரண்டைப் பாருங்கள். அதன் நட்சத்திரத் தரவுத்தளம் தனிப் பதிவிறக்கம், அதை நிறுவினீர்களா? இன்னொன்று, குவியத் தூரம் சரியா? கேமரா பிக்ஸல் 3.76 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 206.265-ஐ அதனால் பெருக்கி 400-ஆல் வகுத்தால் பிக்ஸலுக்கு 1.94 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). கைடு கேமரா பொருத்திய சின்னக் குழாயின் குவியத் தூரம் 120 என்றால், அதை நினாவில் போட்டுவிட்டால் அதே கணக்கு 6.46 என்று வரும், ஆஸ்டாப் தப்பான அளவில் வானத்தைத் தேடிக்கொண்டிருக்கும். நினாவில் பெரிய குழாயின் எண், பிஎச்டி2-இல் கைடு குழாயின் எண்.

பிஎச்டி2 'நட்சத்திரம் போதுமான அளவு நகரவில்லை' என்று சொன்னால், அதன் கட்டளை மவுண்டுக்குப் போகவில்லை, அல்லது போயும் மவுண்ட் போதிய அளவு அசையவில்லை. முதலில் அதிலேயே இருக்கும் கைமுறை கைடு கட்டத்தில் நான்கு திசையையும் அழுத்திப் பாருங்கள். கிழக்கு மேற்கு நகர்ந்து வடக்கு தெற்கு மட்டும் தயங்கினால் மவுண்டின் பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள தளர்வுதான் காரணமாக இருக்கும், அதற்கு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. பிஎச்டி2-இன் அளவீட்டை (காலிபிரேஷன்) வான நடுவரைக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டுக்குப் பக்கத்தில், வடக்கிலிருந்து தெற்காகத் தலைக்கு மேல் போகும் உச்சி வட்டத்தை ஒட்டிச் செய்யுங்கள், துருவ நட்சத்திரத்துக்கு அருகே செய்தால் தோற்கத்தான் செய்யும்.

சிரிலை இப்போதைக்குத் திறக்கவே வேண்டாம், படம் கைக்கு வரட்டும். திறக்கும் நாளில் ஒன்று மட்டும்: அடுக்கி முடித்த படம் கன்னங்கரேல் என்று இருக்கும். கெட்டுப்போகவில்லை, கீழே காட்சி முறையை லீனியரிலிருந்து ஆட்டோஸ்ட்ரெட்சுக்கு மாற்றுங்கள், உள்ளே இருப்பது தெரியும்.

சரி, பெட்டி வாங்கலாமா? ஆசிஏர் போன்றவை நிஜமாகவே வேலையைச் சுலபமாக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் ஆசிஏர், அதைத் தயாரிக்கும் இசட்டபிள்யூஓ நிறுவனத்தின் கேமராக்களையும் சில டிஎஸ்எல்ஆர்களையும் மட்டுமே ஏற்கும், மவுண்டும் அதன் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் கேமரா வேறு நிறுவனத்துடையது என்றால் பெட்டியோடு கேமராவும் மாறும். இரண்டு பகல்கள் மேசைமேல் மவுண்ட், கேமரா, கைடு கேமரா மூன்றும் இணைந்து அரை மணி நேரம் அறுந்துபோகாமல் நின்றால் லேப்டாப்பிலேயே தொடருங்கள். நிற்கவில்லை, கேமராவும் பட்டியலில் இருக்கிறது என்றால் தயங்காமல் வாங்குங்கள். எதுவானாலும் வெளியே கொண்டுபோகும் முதல் ராத்திரி கைடிங் வேண்டாம், துருவ நட்சத்திரத்துக்கு மவுண்டைச் சரிசெய்து 30 விநாடிப் படங்களாக இருபது எடுத்துவிட்டு வந்து படுங்கள்.