நண்பர்களோடு ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) போட்டி: ‘குரூப்பிங்’ என்றால் என்ன?
ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட 5 குண்டுகளும் அட்டையில் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதுதான் குரூப்பிங். ஒரே துப்பாக்கியை மாற்றி மாற்றிச் சுடும் நண்பர்கள் போட்டிக்கு இதுதான் நியாயம், ஏனென்றால் அதன் சைட் (குறிபார்க்கும் அமைப்பு) வேறொருவர் கண்ணுக்கு ஏற்ப வைத்திருந்தால் குண்டுகள் எல்லாமே ஒரு பக்கமாக விலகும், அது சுடுபவரின் தவறு இல்லை. இதுவும் கடிகாரம் மாதிரிதான்: எப்போதும் 10 நிமிடம் முன்னால் காட்டும் கடிகாரத்தை நம்பி பஸ் பிடித்துவிடலாம். ஒருநாள் முந்தி, ஒருநாள் பிந்திக் காட்டுவதை நம்ப முடியாது.

10 மீட்டரில் அட்டை, அதிகம் விலகிய இரண்டு ஓட்டைகளுக்கு இடையே ஸ்கேல், குறைந்த மில்லிமீட்டருக்கு வெற்றி. அப்புறம், 4.5 மி.மீ. குண்டும் கண்ணைப் பறித்துவிடும். எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, சுடுபவருக்குப் பின்னால் நில்லுங்கள்.

ஒரு குண்டு நட்ட நடுவில் பாய்ந்தால் அவர்தான் கெட்டிக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற நாலும் சிதறியிருந்தால் அது தற்செயல்தான்.