வயலின் சேர்ந்தால் குரல் மூழ்குகிறதே!

கேள்வி: என் வாழ்வில் நடந்ததையே பாட்டாக எழுதிப் பாடுகிறேன். சுருதி ஐந்து கட்டை (ஜி). தோழியின் கர்நாடக வயலினை ஆறு முறை பதிவுசெய்து அடுக்கி, லேப்டாப்பில் சிந்தசைசரும் பீட்டும் சேர்த்தேன். தனித்தனியே கேட்டால் அழகு. சேர்த்தால் வயலின் சுருதி விலகியதுபோல் ஒலிக்கிறது, என் குரல் மூழ்கிப்போகிறது.
– வாசகி, கோத்தகிரி

பதில்: தோழியைக் குறைசொல்லிவிடாதீர்கள். அவர் கமகத்தோடு, அதாவது சுரத்தை அசைத்து வாசிக்கும் காந்தாரம் (‘க’ சுரம்) அசையும். சிந்தசைசர் கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் சேர்க்கையில்) உள்ள காந்தாரம் அசையாது. இரண்டும் சேர்ந்து நீண்டால் உரசத்தான் செய்யும். வயலின் வரும் இடங்களில் கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு, ச–ப (உங்களுக்கு ஜி, டி) மட்டும் பிடியுங்கள். முழுக் கார்டும் வேண்டுமென்றால் அந்த வரியில் வயலினை நேராக இழுக்கச் சொல்லுங்கள். தம்புரா ஆப்பும் சிந்தசைசரும் ஒரே அளவுக்கு (ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்) வைக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுக்கியதிலும் சிக்கல் இருக்கலாம். ஆறு கமகங்கள் ஒருநாளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரு டிராக்கில் (பதிவில்) மட்டும் கமகம், மற்ற ஐந்திலும் வெறும் நீண்ட வில். ஒரே நாற்காலி, ஒரே மைக் தூரம் என்றால் கூட்டமாகக் கேட்காது, ஒரே வயலின் நெளிவதுபோல் கேட்கும். இரண்டை அரை மீட்டரில், இரண்டை ஒன்றரை மீட்டரில், மிச்சத்தை நாற்காலியைத் திருப்பிப்போட்டு எடுங்கள்.

குரலுக்கு வருவோம். அந்தச் சுருதியில் வயலினின் அடித்தந்தி 196 ஹெர்ட்ஸ். உங்கள் குரலும் சிந்தசைசரின் நீண்ட கார்டும் குடியிருப்பது அதே வட்டாரத்தில்தான். கார்டில் 300 ஹெர்ட்ஸைச் சுற்றி 3 டெசிபல் குறையுங்கள். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். ஆனால் இப்படி அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ பாதி மருந்துதான். வரி பாடும்போது வயலின் ஒரே சுரத்தில் நிற்கட்டும், மெட்டு வாசிப்பதெல்லாம் வரி முடிந்து நீங்கள் மூச்சு வாங்கும் இடத்தில். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் தன் துணைவரைப் பிரிந்தது பற்றி 2015-இல் வெளியிட்ட ‘வல்னிகூரா’ ஆல்பத்தில் ‘பிளாக் லேக்’ பாட்டைக் கேளுங்கள்: பாடிய பகுதிகளுக்கு நடுவே தந்திகள் ஒரே கார்டைப் பிடித்தபடி நெடுநேரம் நிற்கும். அவ்வளவு பொறுமை உங்கள் பாட்டுக்கும் தகும்.

உங்கள் ஊர் ஈரம் தனிக் கதை. தந்தியை முறுக்கும் பிருடை உப்பி இறுகும், வில்முடி நீளும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்திவிடச் சொல்லுங்கள். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குக் கொண்டுவந்த கண்டென்சர் மைக்கை அரைமணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிறகு இணையுங்கள். உள்ளே நீர் கோத்தால் படபடவென்று சத்தம் வரும். ஐப்பசி மழையில் வயலின் எடுக்க வேண்டாம். தகரக் கூரைத் தூறல் ஒரு டிராக்கில் தெரியாது, ஆறையும் அடுக்கினால் இரைச்சலாகிவிடும்.