காரின் கண்ணாடியில் மாட்டும் கேமராவான டேஷ்கேமில் 64 ஜிபி கார்டு போட்டிருந்தும் தேவைப்படும்போது காட்சி கிடைப்பதில்லை. பதிவுகளை எப்படிப் பராமரிப்பது, எப்படிப் பார்ப்பது?

நானும் பட்டவன்தான். பெருங்களத்தூர் அருகே ஒரு ஷேர் ஆட்டோ என் முன் பம்பரை உரசிவிட்டு நின்றது. "நீங்கதான் சார் உள்ள வந்தீங்க" என்றார் ஓட்டுநர். கேமரா இருக்கிற தைரியத்தில் நானும் சண்டையை வளர்க்காமல் வந்துவிட்டேன். வீட்டில் கார்டைப் போட்டுப் பார்த்தால், கடைசிப் பதிவு ஒன்பது நாளுக்கு முந்தையது.

காரணம் ஸ்பீடு பிரேக்கர். டேஷ்கேம் ஒன்று அல்லது மூன்று நிமிடத் துண்டுகளாகப் பதிந்து, இடம் தீர்ந்ததும் பழையதை அழித்து அதன்மேல் எழுதும். ஆனால் ஜி-சென்சார் அதிர்வை உணர்ந்தால் அந்தத் துண்டை விபத்து என்று நினைத்துப் பூட்டிவிடும். பூட்டியது தானாக அழியாது. எங்கள் தெருவில் மட்டுமே நான்கு வேகத்தடைகள், அதில் இரண்டு ஊரார் சொந்தமாகப் போட்டவை! தினமும் நாலு துண்டு பூட்டினால் கார்டு என்ன ஆகும்? என் கேமரா 'கார்டு நிரம்பிவிட்டது' என்று திரையில் காட்டியிருக்கும். நான்தான் கண் கூசுகிறதென்று திரையை அணைத்து வைத்திருந்தேன்.

எனவே முதல் வேலையாக ஜி-சென்சாரின் உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள். மாதம் ஒருமுறை, வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். கார்டு வாங்கும்போது 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டிருப்பதாகப் பாருங்கள். சாதாரண கார்டு ஓயாமல் எழுதி அழிப்பதையும் வெயிலில் நிற்கும் காரின் சூட்டையும் நெடுநாள் தாங்காது.

அப்புறம், 64 ஜிபி பெரிதாகத் தெரியும். விநாடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் முழு எச்டி பதிவானால் மணிக்கு 6.7 ஜிபி போகும், அதாவது மொத்தமே ஒன்பது மணி நேரம். பின் கேமராவும் அதே தரத்தில் ஓடினால் அதில் பாதி. அப்படி இரண்டு கேமராவோடு தினம் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவர், திங்கள்கிழமை நடந்ததை வியாழக்கிழமை இரவு தேடினால் கிடைக்காது. ஏதாவது நடந்தால் அப்போதே பூட்டும் பொத்தானை அழுத்துங்கள், அன்றே நகல் எடுங்கள்.

பார்ப்பதற்கு வைஃபை செயலி ஒரு துண்டு இரண்டு துண்டுக்குச் சரி. கேமராவின் வைஃபையில் இணையம் இருக்காது என்பதால் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை அணைத்துவிட்டு இணையுங்கள். நிறையப் பார்க்க வேண்டுமென்றால் கார்டு ரீடரும் லேப்டாப்பும்தான். படம் ஓடாமல் சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் எச்.265 என்ற சுருக்க முறையில் பதிந்த கோப்பாக இருக்கும், விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். கேமராவின் தேதி, நேரம் சரியா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வழக்கு வரை போகும் என்று தோன்றினால் அந்தக் கார்டைக் கழற்றி அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டு போடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழும் தர வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) கேட்பார்கள். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

யாருக்காவது காட்டுவதற்கு முன் சத்தத்தோடு ஒருமுறை கேட்டுவிடுங்கள். மைக் ஓடுவதை மறந்து நானும் தங்கமணியும் என் அக்கா வீட்டு விசேஷத்தைப் பற்றிப் பேசியது முழுவதும் அந்த ஒன்பது நாள் பழைய பதிவில் தெளிவாக இருந்தது.