படகுக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: என் பழைய பைபர் படகில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. வெளியே வெடிப்பே தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருக்கடலூர், திருகோணமலை

பதில்: தம்பி, முதலில் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்காவிட்டால் அது மழைத் தண்ணீர். கரித்தால் படகைக் கரையேற்றி, அடிக்கு நன்றாக முட்டுக்கொடுத்து, வெளிப்புறத்தைத் துடைத்துக் காயவிட்டு, உள்ளே ஒரு சாண் அளவு மட்டும் தண்ணீர் விடுங்கள். கசியும் இடம் வெளியே ஈரமாகக் காட்டும், உடனே பென்சிலால் வட்டமிடுங்கள். பெரும்பாலும் தண்ணீரை வடியவிடும் அடைப்பான் துளை, மணலில் இழுபட்டுத் தேய்ந்த அடி, இல்லாவிட்டால் என்ஜின் பூட்டும் பின்பலகையின் போல்ட் துளைகள்தான். அந்தப் பலகையைச் சுத்தியலால் தட்டுங்கள். சத்தம் மொத்தென்று கேட்டால் உள்ளே மரம் ஊறி உக்கிவிட்டது, மேலே பூசிப் பயனில்லை, மரத்தையே மாற்ற வேண்டும். சிலிக்கன் பசையை மட்டும் எக்காரணம் கொண்டும் பூசிவிடாதீர்கள், அப்புறம் அதன்மேல் ரெசின் (பைபரை இறுக வைக்கும் பிசின்) ஒட்டவே ஒட்டாது. வெடிப்பைச் சுற்றி அகலமாகத் தேய்த்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு ரெசின் பூசுங்கள். வாடை மழைக்கு முன்பே செய்துவிடுங்கள்.