நாடு நாடாக அலைந்த ஒரு வேல்ஸ்காரர் கேட்ட ஆற்றின் பெயர்

கேள்வி: ஏழு ஆண்டுகளில் நான்கு நாடுகளில் வேலை பார்த்துவிட்டேன். எந்த இடமும் மனத்தில் ஒட்டவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் அலைந்து கழித்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவர் அந்த வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார்?

ஒருவரைத் தெரியும். பத்து ஆண்டுகள் என் அடுத்த வீட்டுக்காரராக இருந்தவர்.

வேல்ஸின் வடமேற்கு மூலையில் கைர்நார்வன் என்ற சிறிய ஊரில் 2014 முதல் இருக்கிறேன். பக்கத்து நகரமான பேங்கரில் மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் வேலை. நான் குடிவந்த வாரம் விடாமல் மழை. பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அடுத்த வீட்டுப் பெரியவர் குடையோடு வந்து நின்று, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றேன்.

"அது சரி. எந்த ஊர்?"

"தஞ்சாவூர் பக்கம்."

"பக்கம் என்றால்?"

"வலங்கைமான்."

"ஆறு உண்டா?"

"உண்டு. குடமுருட்டி."

பொருள் கேட்டார். குடம், உருட்டி என்று பிரித்துச் சொன்னேன். மழையிலேயே நின்று அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குமுன் வேறு நாடுகளில் இருந்த ஆண்டுகளிலும் சரி, இங்கு வந்த பிறகும் சரி, இந்தியா என்றவுடன் தலையசைத்து நகர்ந்துவிடாமல் ஆறு வரைக்கும் வந்த முதல் ஆள் அவர்தான்.

பதினாறு வயதில், 1957-ல் கப்பலேறியவர். இருபது ஆண்டுகளுக்குமேல் கடலில் இருந்தார். வேலை பார்த்தது லிவர்பூலின் புளூ ஃபனலில், கிழக்காசியத் துறைமுகங்களுக்குச் சரக்குக் கப்பல்களை ஓட்டிய பழைய நிறுவனம். உயரமான நீலப் புகைபோக்கியும் ஹோமரின் காவியங்களிலிருந்து எடுத்த கப்பல் பெயர்களும் அதன் அடையாளம். மாலுமிகளில் வேல்ஸ்காரர்கள் அவ்வளவு அதிகம் என்பதால் 'வெல்ஷ் நேவி' என்றே அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஆட்டுப் பண்ணையில் வளர்ந்த இவருக்கு அந்தக் கப்பலில்தான் ஆங்கிலம் சரளமாக வந்ததாம். ஆனால் சாப்பாட்டு மேசையில் பேச்செல்லாம் வெல்ஷ் மொழியில்.

ஒருநாள் சமையலறை மேசையில் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து அவருடைய பணிப்பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். நம் ஊர்க் கப்பல்காரர்கள் சிடிசி என்று சொல்கிறார்களே, அந்த வகைப் புத்தகம். நீல அட்டை, மூலைகள் தேய்ந்து வெளுத்திருந்தன. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. கப்பலின் பெயர், ஏறிய இடமும் நாளும், இறங்கிய இடமும் நாளும், கடைசியில் திறமைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று என இரண்டு ரப்பர் முத்திரைகள். இரண்டிலும் 'வெரி குட்'. கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்று கேப்டன் எழுதிவிட்டால் அடுத்த கப்பல் கிடைப்பது பெரும்பாடு. இவருடைய புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

தடித்த விரலால் ஒரு வரியைத் தொட்டு வாசித்தார். ஏறியது லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட். இறங்கியது பர்க்கன்ஹெட். நடுவில் 'பயணத்தின் விவரம்' என்ற கட்டம். அதில் ஒரே சொல்: 'ஃபாரின்'. அடுத்த வரியிலும் அதே சொல். பக்கத்தைப் புரட்டினார். மேலிருந்து கீழ்வரை ஃபாரின், ஃபாரின், ஃபாரின்.

"பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் எல்லாம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒரு சொல். இதைப் பார்த்துவிட்டுத்தான் துறைமுகத்தில் இறங்கியவுடன் ஆற்றின் பெயரைக் கேட்கத் தொடங்கினேன். அதையாவது நான் எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று" என்றார். டப்பாவின் அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. அதில் வெறும் பெயர்கள். ஆறு, அதன் அருகே ஊர், சொன்னவருடைய வேலை. சொன்னவரின் பெயரைப் பல இடங்களில் கேட்க மறந்துவிட்டதாக வருத்தப்பட்டார்.

மலேசியாவில் இன்று கிள்ளான் துறைமுகம் என்று அழைக்கப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களிடமிருந்து இவர் மூன்று சொற்களைக் கற்றிருந்தார்: இறக்கு, நிறுத்து, போதும். கப்பலின் சரக்கறை வாயில் நின்று மேலே பார்த்துக் கத்த வேண்டிய சொற்கள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கையை உயர்த்திப் "போதும்" என்றார். எனக்குக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உட்காரத் தோன்றியது. அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே அந்தச் சொல்லைக் கேட்பேன் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இன்னொரு மாலை, வெல்ஷ் என்ற பெயருக்கே பொருள் என்ன தெரியுமா என்று கேட்டார். தெரியாது. பழைய ஆங்கிலத்தில் அது அந்நியரைக் குறித்த சொல்லாம். பின்னால் வந்து குடியேறியவர்கள், தங்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு வைத்த பெயர். இவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் கம்ரி. ஒரே நாட்டைச் சேர்ந்த கூட்டாளிகள் என்று அதற்குப் பொருள். "என் சொந்த ஊரிலேயே நான் ஃபாரின்தான்" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அலைச்சலைப் பற்றி அவர் சொன்னவற்றில் என்னை மிகவும் பாதித்தது, கப்பல் நகராமல் நின்ற கதைதான். 1967 ஜூன் 5 அன்று இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் தொடங்கியபோது சூயஸ் கால்வாயில் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த கப்பல்கள் அங்கே உள்ள பெரிய கசப்பு ஏரியில் நங்கூரம் போட்டன. கால்வாயின் இரு கரைகளும் போர்முனையாயின. எகிப்து கால்வாயை அடைத்துவிட்டது. ஏரியில் பதினான்கு கப்பல்கள் எட்டு ஆண்டுகள் சிக்கிக்கிடந்தன. பாலைவன மணல் படிந்து அவை மஞ்சளாகிப் போனதால் 'மஞ்சள் கப்பற்படை' என்ற பெயரும் வந்தது. அவற்றில் அகபெனார், மெலாம்பஸ் இரண்டும் புளூ ஃபனல் கப்பல்கள். மாலுமிகளை மட்டும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றினார்கள். அப்படி ஒரு மாற்றுக் குழுவில் இவரும் போனார்.

பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, சுவீடன், போலந்து, பிரான்ஸ், பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா, அமெரிக்கா என்று எட்டு நாட்டுக் கப்பல்கள். வெளியே பனிப்போர். உள்ளே ஒரு கப்பலில் ஞாயிறு வழிபாடு, இன்னொன்றில் சினிமா, வேறொன்றில் நீச்சல். உயிர்காப்புப் படகுகளில் பாய் கட்டிப் பந்தயம் விட்டார்கள். கையால் தபால்தலை செய்து ஒட்டி ஊருக்குக் கடிதம் போட்டார்கள். அவை போய்ச் சேரவும் செய்தன. அப்படி ஓர் உறையை இவருடைய அம்மா பைபிளுக்குள் வைத்துப் பாதுகாத்திருந்தார். ஒட்டியிருந்த தலை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, ஓரம் கத்தரிக்கோலால் வெட்டியது.

"உலகத்தை நான் அதிகம் பார்த்தது அந்த மாதங்களில்தான். மற்றத் துறைமுகங்களில் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு நாள், மூன்று நாள். அங்கே போலந்துக்காரன் ஒருவன் தன் ஊரை எனக்குப் படமாக வரைந்து காட்டினான். பாலம், தேவாலயம், அவனுடைய அக்கா வீடு. அவசரமே இல்லை" என்றார். நோட்டில் அந்தப் படம் இருக்கிறது. ஆறு நீலப் பென்சிலால் வரைந்தது. அந்தப் பயணத்துக்கும் பணிப்பதிவுப் புத்தகத்தில் ஃபாரின் என்றுதான் முத்திரை.

ஊருக்குத் திரும்புவதைப் பற்றி அவருக்கு இனிப்பான நினைவுகள் இல்லை. அத்தை குடும்பம் இருந்த கபெல் கெலின் கிராமம், ட்ரைவெரின் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்தது. லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்த ஆற்றின் குறுக்கே அணை கட்டி, 1965-ல் கிராமத்தை மூழ்கடித்தார்கள். பள்ளி, தபால் நிலையம், வழிபாட்டுக் கூடம், வீடுகள் எல்லாம் போயின. தண்ணீர் ஏறிய செய்தி அவருக்கு ஹாங்காங்கில் அம்மாவின் கடிதமாகக் கிடைத்தது. அவர் சம்பளம் வாங்கியதும் லிவர்பூலிடம்தான். அதைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார். நான் மேலே கேட்கவில்லை.

வெல்ஷ்காரர்களைப் பற்றி யார் எழுதினாலும் ஹிரைத் என்ற சொல்லைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஊர் ஏக்கம் என்று தோராயமாகச் சொல்லலாம். இவர் அதை அதிகம் சொல்லிக் கேட்டதில்லை. இவருக்குப் பிடித்த சொல் கனெவின். திறந்த மலையில் வேலி இல்லாமல் மேயும் ஆடு, தாயோடு நடந்து பழகிய தன் பகுதியை விட்டு விலகாது. அந்தப் பகுதிதான் கனெவின். மனிதருக்கும் அதே சொல்லைச் சொல்கிறார்கள். "தாய் காட்டியதால்தான் ஆட்டுக்கு அது தெரியும். பெரியவனான பிறகு வேறு மலைக்குப் போனால் யாராவது கூட நடந்து காட்ட வேண்டும்" என்பார். நீங்கள் கேட்ட 'ஒட்டவில்லை' என்பதற்கு நான் கேட்டதில் இதுவே சரியான விளக்கம்.

1998-ல், ஐம்பத்தேழு வயதில், சேமித்த பணத்தில் அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குப் போனார். 1865-ல் மிமோசா என்ற கப்பலில் ஏறத்தாழ நூற்றைம்பது வேல்ஸ்காரர்கள் லிவர்பூலிலிருந்து புறப்பட்டு, ஜூலை 28 அன்று அங்கே கரையேறினார்கள். ஆங்கிலத்தின் அழுத்தம் இல்லாத இடத்தில் தங்கள் மொழியையும் வழிபாட்டையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த மொழி இன்றும் அங்கே பேசப்படுகிறது. கைமான் என்ற ஊரின் தேநீர்க் கடையில் ஒரு மூதாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. மதியம் முழுவதும் வெல்ஷ் மொழியில் பேசினார்கள். வேல்ஸில் வெல்ஷ் பேசும் பெரியவர்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் ஆங்கிலமும் தெரியும். சிக்கல் வந்தால் மாறிக்கொள்ளலாம். அந்த மதியம் மாறிக்கொள்ள வேறு மொழி இல்லை. "வாழ்க்கையில் முதல்முறையாக என் தாய்மொழி எனக்கு அவசியமாக இருந்தது" என்றபோது அவர் குரல் உடைந்தது.

ஆனால் கதையை அவர் அங்கேயே நிறுத்தமாட்டார். மூதாட்டியிடம் வழக்கம்போல ஆற்றின் பெயரைக் கேட்டிருக்கிறார். காம்வி என்றாராம். வளைந்து செல்வது என்று பொருள், குடியேறிய வெல்ஷ்காரர்கள் வைத்தது. அதற்கு முன் என்ன பெயர் என்று கேட்டிருக்கிறார். சுபுட். டெவெல்சே பழங்குடிகளின் சொல்லிலிருந்து வந்தது. அந்த மக்கள்தான் வந்திறங்கியவர்களுக்கு வேட்டையாடக் கற்றுக்கொடுத்தவர்கள். ரொட்டிக்கு ஈடாக இறைச்சி கொடுத்தவர்கள். பின்னர் அர்ஜென்டின ராணுவம் அவர்களைத் துரத்தி அடித்தது. "அந்நியன் என்ற பெயரிலிருந்து தப்பிக்கக் கடல் தாண்டினோம். போய் இறங்கியது இன்னொருவருடைய ஆற்றங்கரையில்" என்றார். நோட்டில் அந்த ஆற்றுக்கு மட்டும் இரண்டு பெயர்கள். டெவெல்சே பெயர் முதலில் இருக்கிறது.

உங்கள் கேள்வியை நான் மூன்று முறை படித்தேன். ஏழு ஆண்டு, நான்கு நாடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஓர் ஊரின் பெயரையும் எழுதவில்லை. குறையாகச் சொல்லவில்லை. இங்கு வருவதற்குமுன் நான் மூன்று ஆண்டு இருந்த நகரத்தில் என் தெருவின் பெயர்கூட இப்போது எனக்கு நினைவில்லை. வேலை, அறை, வேலை என்று போய்விட்டது. எனக்கு யாரும் கூட நடந்து காட்டவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

என் அம்மாவும் நீண்ட நாள்கள் "தம்பி லண்டனில் இருக்கிறான்" என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவர் உள்ளே வந்தார். குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். மேட்டூரைத் திறந்தாகிவிட்டது, எங்களுக்கு வர இன்னும் சில நாளாகும் என்றார் அம்மா. பிறகு, "அவருடைய ஊரில் என்ன ஆறு?" என்று கேட்டார். சயோன்ட் என்றார் பெரியவர். கைர்நார்வன் கோட்டைக்கு அருகே கடலில் கலக்கும் ஆறு. அன்றிலிருந்து அம்மா லண்டன் என்று சொல்வதில்லை.

பெரியவர் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஆங்கிலம் மெல்ல மெல்ல அவரை விட்டுப் போகிறது. வெல்ஷ் நிற்கிறது. அதனால் என்னுடைய அரைகுறை வெல்ஷில்தான் பேச வேண்டியிருக்கிறது. போன ஜூன் மாதம் அம்மா காலையிலேயே அழைத்து, "தண்ணீர் வந்துவிட்டது, பெரியவரிடம் சொல்லிவிடு" என்றார். வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய்ச் சொன்னேன். எவ்வளவு என்று கேட்டார். படித்துறையில் இரண்டாவது படி வரைக்கும் என்றேன்.